வீட்டிலிருந்து அனுப்ப என்ன இருக்கிறது

எங்கள் வீட்டில் மிக்சி வாங்குவதென்றாலும் முதலில் ஒரு கோப்பு திறக்கப்படும். என் கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பு எழுதி மேலே அனுப்பிப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் சும்மா இருக்குமா? டெல்லி கிட்வாய் நகரில் அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கிய ஒன்பதாவது மாடி வீட்டில், டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்தால் நாடா கட்டிய அட்டைகள் வரிசையாக நிற்கும். ஃபிரிட்ஜுக்கு ஒன்று, கூலருக்கு ஒன்று, கூலரைத் தூக்கிப் போட்டு ஏசி வாங்கியதற்கு இரண்டு. போன வருடம் அதில் ‘பிராட்பேண்ட்’ என்று ஒன்று சேர்ந்தது. அதற்குக் காரணம் நான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் ஆஸ்பத்திரிகளில் இந்தி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் தமிழர்களுக்காக வீடியோவில் மொழிபெயர்க்கிறேன். டாக்டர் இந்தியில் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை அழாமல் இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் ஏஜென்சியின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அழைப்பு வந்தால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். விருந்தாளிகள் கேட்டால் என் கணவர், நான் வீட்டில்தான் இருக்கிறேன், கம்ப்யூட்டரில் என்னவோ செய்துகொண்டிருப்பேன் என்று அறிமுகப்படுத்துவார். நானும் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டு சிரிப்பேன்.

தொல்லை என்னவென்றால், எனக்கு எல்லோர் குரலும் கேட்கும், என் குரல் மட்டும் திடீர் திடீரென்று போய்விடும். இரண்டு முறை இப்படி ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போய்விட்டது. மூன்றாவது புகார் வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஏஜென்சி இனிமையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மொபைல் சிக்னலை வைத்துப் பேசக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம். சரி, லைனை மாற்றிவிடலாம் என்று இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

வந்தவர் எங்கள் வயதுக்காரர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தபடி பொறுமையாக விளக்கினார். எங்களிடம் இருப்பது வீட்டு லைன். உள்ளே வருகிற பாதை அகலம், வெளியே போகிற பாதை குறுகல். சினிமா பார்க்கலாம், சீரியல் பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம். நம் பக்கத்திலிருந்து எதையாவது அனுப்பினால்தான் திணறும். பிசினஸ் லைனில் இரண்டு பாதையும் சமம், கெட்டுப்போனால் நான்கு மணி நேரத்தில் ஆள் வருவார், விலை இரண்டரை மடங்கு. வீட்டு லைனை ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“மேடம்ஜி, வீட்ல இருக்கறவங்க பார்ப்பாங்க, கேட்பாங்க. அனுப்பறதுக்கு அவங்க கிட்ட என்ன இருக்கு?” என்று இந்தியில் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கல்யாண வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக அதுவரை யாரும் சொன்னதில்லை. பிசினஸ் லைனே போடுங்கள் என்றேன். அதற்கு வீட்டை ஒதுக்கீடு பெற்றவரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டுமாம். அதாவது என் கணவருடையது.

அன்று மாலை ஆபீசிலிருந்து வந்த மனிதர் ‘பிசினஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

“இங்க பாரு, குவார்ட்டர்ஸ் அட்ரஸ்ல பிசினஸ்னு ஒரு பில் வந்தா போதும். எவனாவது பெட்டிஷன் போடுவான். வீட்டைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் வரும்.”

ஒதுக்கீட்டு வீட்டில் வியாபாரம் செய்யக் கூடாது, குடும்பத்தில் யாராவது தொழில் நடத்தினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதிகளை அவர் மனப்பாடமாகச் சொல்வார். நான் கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். வயர்தானே, வயருக்கு வைத்திருக்கிற பெயர்தானே என்று வாதாடினேன். பெயரில்தான் எல்லாமே இருக்கிறது என்றார். கீழே, எங்கள் பிளாக்கின் வாசலிலேயே ஒருவர் தினமும் நூறு சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார், மூன்றாவது மாடியில் ஒரு அம்மா வாரம் இருபது கிலோ முறுக்கு பிழிந்து விற்கிறார். அங்கெல்லாம் ஆபத்து இல்லை. ஆபத்து என் வாயில்தான் இருந்தது.

ஆனாலும் அவர் நியாயஸ்தர், மறுக்கவில்லை. கோப்பு திறந்தார். இரண்டு லைன்களையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டார், அடிக்கோடிட்டார். தன் ஆபீசுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை வீட்டுக் கோப்பில் சேர்த்தார். கடிதம் கிணற்றில் போட்ட கல்லாக அங்கேயே கிடந்தது. வாரத்துக்கு ஒரு முறை நினைவூட்டினேன். “ப்ராசஸ்ல இருக்கு” என்றார். ஒரு நாள் இழுப்பறையைத் துடைக்கிற சாக்கில் அந்த அட்டையைப் பிரித்துப் படித்தேன். முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்து. உபயோகிப்பவர்: மனைவி. நோக்கம்: பொழுதுபோக்கு.

மூடி வைத்துவிட்டேன். மனது வலித்தது, அதை மறைப்பானேன்? அன்று ரசத்தில் உப்பு இல்லை. அவர் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், வலது கால் நசுங்கியிருந்தது. திரையில் அவர் மனைவி இருந்தாள், முப்பது வயது இருக்கலாம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சு. முதல் நாள் யாரோ காலை வெட்டுகிற மாதிரி கையால் ஜாடை காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். அதை டாக்டரிடம் கேட்டேன். அவர் நிதானமாக இந்தியில் சொன்னார்: காலை எடுக்க வேண்டாம், உள்ளே கம்பி வைத்தால் போதும், சில மாதங்களில் நடப்பார்.

இவ்வளவு நல்ல செய்தி இந்த வேலையில் அடிக்கடி கிடைக்காது. ஆசையாக வாயைத் திறந்தேன். என் குரல் போய்விட்டது.

எனக்கு எல்லாம் கேட்டது. சத்தமே வரவில்லை என்று டாக்டர் சொன்னது கேட்டது. நான் கத்தினேன், தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, ஏன் வாயத் தொறந்தாப்ல அப்படியே பாக்கறீங்க? கால எடுத்துடுவாங்களா? அக்கா, எதுனா சொல்லு அக்கா.”

என் படம் அந்தப் பக்கம் உறைந்துவிட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நல்ல செய்தி சொல்லத் திறந்த வாய், அங்கே அதிர்ந்துபோன வாயாக நின்றது. டாக்டர் ‘டீக் ஹை, டீக் ஹை’ என்று அவளைத் தேற்றப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தெரிந்த பதிலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் வீணாக அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்து கூப்பிட்ட கூப்பாட்டில் என் கணவர் ஓடி வந்தார். கையில் போன். முந்தின வாரம் மதுரையில் நடந்த அவர் தங்கை மகன் கல்யாணத்தின் வீடியோக்கள், மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை, நாற்பதுக்கும் மேலே, குடும்ப குரூப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. வெளியே போகிற அந்தக் குறுகல் பாதையில் நாகஸ்வரம், தவில், பாயசம் எல்லாம் முண்டியடித்துப் போக, நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். “அதை நிறுத்துங்க” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார், போனை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அரை நிமிடத்தில் குரல் வந்தது.

“கால் இருக்கும்மா. எடுக்க மாட்டாங்க. நடப்பாரு.”

அவள் நம்பவில்லை. மறுபடியும் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள், சொன்னேன். பிறகு அவள் திரையில் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அழைப்பு முடிந்ததும் ஏஜென்சிக்கு நிரப்பித் தரும் படிவத்தில், குரல் இடையில் போனதா என்ற கேள்விக்கு உண்மையைத்தான் எழுதியிருந்தார். திங்கட்கிழமை ஏஜென்சியின் இனிமையான ஆங்கிலம் வந்தது: இது மூன்றாவது; பிசினஸ் லைன் போட்டதற்கு அத்தாட்சி அனுப்பும் வரை என் பெயர் பட்டியலில் இருக்காது. அதை அச்செடுத்து, கோப்பில் சேர்த்து வைத்தேன். எனக்கும் கொஞ்சம் ஆபீஸ் பழக்கம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஹெல்மெட்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர்தான் வரச் சொல்லியிருக்கிறார். ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. மேலே எவருடைய கையெழுத்தும் இல்லாமல் அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். தனக்கு ஒதுக்கப்பட்ட வீட்டிலிருந்து தன் மனைவி வேலை செய்வதில் ஆட்சேபணை இல்லை என்று நிதானமாக எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது. வேலையின் தன்மை என்று அங்கே ஒரு கட்டம் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ பண்ற வேலைக்கு என்ன பேருன்னு எழுதணும்?”

மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார். சொன்னேன். சரியாகக் காதில் விழவில்லை என்றார், இன்னொரு முறை சொன்னேன். அதற்கு லைன் காரணமில்லை.