மாமாவின் கன்னமும் என் சாணைக்கல்லும்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஷாக் அடித்தால் எங்கே லீக்கேஜ் என்று பார்ப்பேனே தவிர சாமி குத்தம் என்று சொல்ல மாட்டேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சவரக்கத்தி தீட்டுகிற கற்களைச் சேர்ப்பேன். ஃபாக்டரியில் அச்சு போட்ட கல் இல்லை, பூமியிலிருந்து வந்த இயற்கைக் கல். பெல்ஜியத்து மஞ்சள் கல் வைத்திருக்கிறேன், ஜப்பான் கல் வைத்திருக்கிறேன், ஆனால் அத்தனையையும்விட எனக்குப் பெருமை ஸ்ரீமுஷ்ணத்தில் கிடைத்த கரும்பச்சைக் கல்தான். கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் டிரம் ஆடாமல் இருக்க அதை அண்டை கொடுத்திருந்தார்கள். பட்டு வேட்டியோடு குனிந்து, எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்தேன். ஈரத்தைக் குடிக்கவே இல்லை, விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு நெருக்கமாக இறுகிய கல்! என் மனைவி சுமதி, "நக்கிப் பாக்காததுதான் பாக்கி, மானத்த வாங்காம வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடுவேனா? கேட்டு வாங்கிவந்து, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அந்தக் கட்டம் முழுக்க அழியும்வரை தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. அதில் தீட்டிய கத்தி முகத்தில் போவதே தெரியாது. சொந்தக்காரர்கள், "சலூன் வைக்கப் போறியா?" என்று கிண்டல் செய்வார்கள், அப்புறம் கல்யாணம் காட்சி என்றால் அவர்களே கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

சிதம்பரத்தில் சுமதியின் அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அறுபதாம் கல்யாணம். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். தேங்காய் உரிக்கும்போது பட்ட சின்னக் கீறலுக்கே ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கத்தி கூடாது, டிரிம்மர்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் டிரிம்மர் போட்டுவிட்டு மாமா கன்னத்தைத் தடவிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"நாளைக்குத் தாலி கட்டப்போறவன் நானு. இப்பிடிச் சொரசொரன்னா போயி உக்காருவேன்? மாப்ள, உங்க கத்திய எடுங்க."

சுமதியின் அண்ணன் சேகர் பதறிப்போனான். "டாக்டர் என்னப்பா சொன்னாரு? மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன்தான் நான். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவர் என் கையை நம்பிக் கேட்டதும் நெஞ்சு விரிந்துவிட்டது. கல்லும் கத்தியும் எங்கே போனாலும் என் பையில் இருக்கும். பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து தீட்டினேன், தோல் பட்டையில் இழுத்தேன், கை முடியில் வைத்துப் பார்த்தேன், தானாக உதிர்ந்தது.

நல்ல மத்தியானம். கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் மாமாவை உட்கார வைத்தேன். அத்தை பஞ்சோடு நின்றார்கள், சேகர் பைக் சாவியைக் கையிலேயே வைத்திருந்தான். இடது கன்னம் வெண்ணெய் மாதிரி முடிந்தது. வலது பக்கம், காதடியிலிருந்து தாடைக்கு இறக்கும்போதா சமையலறையில் ஒரு பித்தளை அண்டா விழ வேண்டும்! மாமா திடுக்கிட்டுத் தலையைத் திருப்பிவிட்டார்.

கத்தி பிடித்தவனுக்குத் தெரியும். தோல் மேல் போவது வேறு, தோலுக்குள் போவது வேறு. அது உள்ளே போனது. சாமி சத்தியமாக, என் விரலுக்குத் தெரிந்தது. "ஐயோ கடவுளே!" என்று அத்தையும் அலறிவிட்டார்கள். துண்டை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன், எடுக்கவே பயம். எடுத்துப் பார்த்தால் வெறும் சோப்பு நுரை. கன்னத்தில் ஒரு கீறல் கிடையாது.

"என்ன மாப்ள, நிறுத்திட்டீங்க?" என்றார் மாமா, கண்ணைக்கூடத் திறக்காமல்.

எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் முடித்தேன். "நல்லா பயங்காட்டுனீங்க போங்க, உசுரே போயிட்டு வந்துச்சு" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கழுவி எடுத்து வைக்கலாம் என்று குழாயடிக்குப் போனேன். கல்லின் மேல் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு, ஈரமாக. பின்னாலேயே வந்த சேகர் அதைப் பார்த்துவிட்டு, "கைய அறுத்துக்கிட்டீங்களா மச்சான்?" என்றான். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன், எங்கேயும் காயமில்லை. கட்டைவிரலால் துடைத்தேன், கோடு போகவில்லை. சில கற்களுக்குள் சிவப்பு ரேகை ஓடும், அது எனக்குத் தெரியாததா? ஆனால் இது நான் அங்குலம் அங்குலமாகத் தேய்த்த கல், இதில் ஒரு புள்ளிகூட இருந்ததில்லை.

மறுநாள் மாமா மணையில் உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே! வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், "எங்க மாப்ள கை" என்று அவர் வாய் ஓயவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்லுக்குள் இரும்பு இருக்கும், தண்ணீர் பட்டுத் துருப்பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாள் ஆக ஆக அந்தக் கோடு கறுத்தது. விரலால் தடவினால் லேசாகத் தடித்திருந்தது. ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து கிடந்தது, அதற்கடியில் வெளிறிய ஒரு தழும்பு. கல்லுக்குக் காயம் ஆறி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இப்போதும் நல்ல நாள் பெரிய நாள் என்றால் மாமாவுக்கு நான்தான், அதே கத்தி, அதே கல். இதுவரை ஒரு பொட்டு ரத்தம் பார்த்ததில்லை, சிதம்பரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தீட்டும்போது மட்டும் அந்தத் தழும்பின் மேல் கத்தி படாமல் ஓரமாகவே தீட்டுகிறேன். அதற்கு வலிக்குமோ என்று இருக்கிறது.