சிலுப்பாத கிடாய்

அறுபதுகளில் ஒரு வருடம். மூளைக்காய்ச்சல் இறங்கிய பிறகு என் மனைவி பேசவில்லை. கண் திறந்திருக்கும், பார்க்கிறாளா என்று தெரியாது. பனியன் கம்பெனிக்குக் கிளம்புமுன் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அவள் கழுத்தைத் துடைப்பேன். அப்போது மட்டும் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். உள்ளே இருக்கிறாள், என் கை அவளுக்குத் தெரிகிறது என்று அந்தச் சிலிர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

அவளுடைய தம்பி கறுப்புச் சட்டைக்காரன். வாரம் தவறாமல் வருவான். வந்தால் வாதம்தான்.

"மனசுன்னு தனியா ஒண்ணும் இல்லீங்க மச்சான். மூளை போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அப்பறம் வாரா வாரம் வந்து 'அக்கா, சாப்பிட்டியா'ன்னு யாருகிட்ட மாப்ளே கேக்கறே?"

"அது வாய்ப் பழக்கமுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவளை எழுப்பித் தரச் சொல்லிக் கருப்பராயனுக்குக் கிடாய் நேர்ந்திருந்தேன். வெட்டுகிற அன்று கோயிலுக்கு அவனும் வந்தான். "சாமிக்கில்லீங்க, கறிக்கு" என்று சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் கிடாயைக் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். பூசாரி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாயும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கிடாய் சிலுப்பவில்லை. செம்போடு ஊற்றியும் வேப்பந்தழையை மென்றுகொண்டு நின்றது. கடைசியில் பூசாரி அதன் காதுக்குள் தண்ணீர் விட்டார். தலை முதல் வால் வரை உதறியது.

"உத்தரவாயிருச்சுங்க சாமி!"

மச்சினன் என் கையைப் பிடித்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"காதுல தண்ணி போனா நீங்களுந்தான் உதறுவீங்க. இதுக்குப் பேரு சம்மதமுங்களா? வேண்டாம்னு சொல்லத் தெரியாத உசுரைக் கொன்னுபோட்டு, சாமி கேட்டுச்சுங்கறீங்க. அது வெறும் உடம்புங்க மச்சான். குளுந்துச்சு, உதறுச்சு. அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்த கையை விட்டான்.

அவன் சொன்னதை ஒப்புக்கொண்டால் கிடாய் பிழைக்கும். ஒப்புக்கொண்டுவிட்டு, காலையில் எதை நம்பி அவள் கழுத்தைத் துடைப்பேன்?

"சம்மதிச்சிருச்சுங்க. வெட்டுங்க" என்றேன்.

அவன் கறியைத் தொடாமல் போய்விட்டான். மறுநாள் துணியை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். உடம்பு அசையவில்லை. திரும்பக் குளிர்ந்த தண்ணீரை எடுக்கத் துணிவு வரவில்லை.

தை பிறக்குமுன் போய்விட்டாள். கருப்பராயனை இன்றும் கும்பிடுகிறேன். கும்பிடாமல் இருக்கத் தெரியவில்லை. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.