உறவை முறித்துக்கொள்ள இங்கே அழுத்தவும்

“அத்தை, இந்த ரெண்டுல எதைத் தொறப்பீங்க?”

காலை ஏழரை மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு கேட்கிறார் மாப்பிள்ளை. கையில் போன். அதில் இரண்டு தலைப்புகள். ஒன்று, ‘முதுகுவலி ஏன் வருகிறது?’ மற்றது, ‘உங்கள் முதுகு உங்களுக்குத் துரோகம் செய்கிறது!’ அவர் அனுப்புகிற மின்னஞ்சல் கடிதத்தைத் திறக்க வைப்பதே தலைப்புதானாம். ஆகவே நாலாயிரம் பேருக்குப் போகும் முன் அது என் மேல் சோதித்துப் பார்க்கப்படுகிறது. மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு எலி கிடைக்கிறது. இவருக்கு மாமியார்.

“நான் தொறக்கறதா இருந்தா அந்தக் குழாயைத்தான் தொறப்பேன். முதல்ல வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க.”

“அப்போ ரெண்டாவதுதான். உங்க முகத்துல ஒரு வெட்டு வெட்டிச்சு, பார்த்தேன்” என்று குறித்துக்கொண்டு போகிறார். திட்டினாலும் அவருக்கு அது புள்ளிவிவரம். இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

பதினோரு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். சக்கரம் வைத்த நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை, வருஷத்துக்கு ஒருமுறை டைரி, எல்லாம் இருந்தது. ஒரு நாள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தார். “இனிமே ஆபீஸ் கிடையாது அத்தை. முழுநேர ஆன்லைன் மார்க்கெட்டிங்.” பாம்பைப் பிடித்தவன் அதைச் சுருட்டிக் காட்டுவானே, அந்தப் பெருமை.

என் புத்திக்கு எட்டியவரை தொழில் இதுதான். எங்கேயோ ஒருவர் மெத்தை செய்கிறார். எங்கேயோ ஒருவருக்கு முதுகு வலிக்கிறது. இருவருக்கும் நடுவில் நின்று இவர் கடிதம் எழுதுகிறார். கடிதத்தின் அடியில் ஒரு லிங்க். வலிக்காரர் அதைத் தட்டி மெத்தை வாங்கினால் இவருக்குக் கமிஷன். கல்யாணத் தரகர் செய்வதும் இதேதான். என்ன, தரகர் பெண்ணையும் பிள்ளையையும் ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருப்பார்.

சாப்பாட்டு மேசையில் முக்கால் பங்கு அவருடைய ஆபீஸ். கணினி, மைக், முகத்துக்கு அடிக்கிற வட்ட விளக்கு, பிரிக்காத அட்டைப்பெட்டிகள். மிச்சக் கால் பங்கில் மூன்று பேர் சாப்பிடுகிறோம். முழங்கையை வைக்க இடமில்லாமல் நான் சாதத்தைத் தோளால் பிசைகிறேன். யோசனை வந்துவிட்டால் மனிதர் மேசையைச் சுற்றி நடப்பார். இந்த ஒரு வருஷத்தில் அவர் நடந்ததை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மார்க்கரால் ஒரு புனல் வரைந்து வைத்திருக்கிறார். வாய் அகலம், வால் குறுகல்.

“இதுதான் ஃபனல் அத்தை. மேல ஆயிரம் பேர் வருவாங்க. நடுவுல நூறு பேர். கடைசியா கீழ ஒருத்தர் வாங்குவார்.”

“எங்க வீட்டுப் புனல்ல ஊத்தினதெல்லாம் கீழ வந்துரும் மாப்பிள்ளை. ஆயிரம் ஊத்தி ஒண்ணு வந்தா அதுக்குப் பேரு புனல் இல்ல, சல்லடை.”

ஒரு நிமிஷம் யோசித்தார். “இதை வச்சே ஒரு கடிதம் எழுதலாமே!” என்று மேசையைச் சுற்றக் கிளம்பிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறார்கள். மாப்பிள்ளை உடைத்தால் என்ன குடம் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ‘வாங்க, போங்க’ என்றே கோபப்பட வேண்டியிருக்கிறது.

அண்டை வீட்டார் “உங்க மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டுத் துளைப்பார்கள். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய் ஆளுக்கொன்று சொல்லி வைத்தேன். மாடி வீட்டுத் தையற்காரரிடம் உளவுத்துறை என்றேன். அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளையைக் கண்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்.

எழுத்தில் கைகாரர், அதை மறுக்க மாட்டேன். சீப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வழுக்கைத் தலையர் மூன்று சீப்பு வாங்கினார். மழைக்கோட்டைப் பற்றி எழுதிய அன்று வெயில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் அடித்தது. இதில் ஒன்று பொய். எது என்று சொல்ல மாட்டேன்.

என்னால் தாங்க முடியாதது அந்தக் கடிகாரம். ஒவ்வொரு கடிதத்திலும் ‘இன்னும் மூன்று மணி நேரமே!’ என்று ஒன்று தலைகீழாக ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் மூன்று மணி நேரம். அது முடிந்து நான் கண்டதே இல்லை. எமனுக்கு இப்படி ஒன்றை விற்றிருந்தால் மனித குலம் பிழைத்திருக்கும்.

இந்தப் பேச்சு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. “பால் இன்னும் ஒரு டம்ளர்தான் அத்தை. இப்பவே காபி போடறவங்களுக்கு மட்டும்தான்!” என்பார். காபி வேண்டும் என்று சொல்ல மாட்டார். மகள் இந்தத் தொழிலுக்குக் கெடு வைத்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு வருஷம், அதுவரை வீடு அவள் சம்பளத்தில் நடக்கும், அதற்குள் தொழில் நிலைத்தால் சரி, இல்லாவிட்டால் மறுபடி வேலை என்பது அவர்களுக்குள் பேச்சு. அந்த வருஷம் போன மாதம் முடிந்தது. “வேண்டுகோளுக்கு இணங்க ஒரு மாசம் நீட்டிப்பு” என்று அறிவித்தார். யார் வேண்டிக்கொண்டார்கள் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாலாயிரம் பேர் என்றேனே, அதற்கு ‘லிஸ்ட்’ என்று பெயர். ஆரம்பத்தில் அதில் ஆளே இல்லை. எண்ணிக்கை காட்ட வேண்டுமென்று என்னையும் மகளையும் எங்களைக் கேட்காமலே சேர்த்துவிட்டார். அடுத்த அறையில் இருக்கிற மனிதரிடமிருந்து எனக்குக் கடிதம் வருகிறது. ‘அன்புள்ள முதற்பெயர், உங்களை நினைக்காத நாளில்லை.’ பெயர் விழ வேண்டிய இடத்தில் இயந்திரம் ‘முதற்பெயர்’ என்றே அச்சடித்துவிட்டது. மூன்று நாள் நான் முதற்பெயராகவே வாழ்ந்தேன். அப்படியாவது நினைக்கிறாரே என்று தட்டில் இன்னொரு கரண்டி போட்டது என் மடத்தனம்.

கடிதம் வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள அடியில் ஒரு பொத்தான் இருக்க வேண்டுமாம், விதி. மற்றவர்கள் ‘விலக’ என்று போட்டிருக்கிறார்கள். இவர் என்ன போட்டார் தெரியுமா? ‘உறவை முறித்துக்கொள்ள இங்கே அழுத்தவும்.’

“இது அநியாயம் மாப்பிள்ளை!”

“அதான் அத்தை சூட்சுமம். நம்ம ஆளுங்க இதைப் படிச்சிட்டு அழுத்தவே மாட்டாங்க. மனசு கேக்காது.”

உண்மைதான். ஆறு மாதத்தில் அழுத்தியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பெரியவர், கடிதம் வேண்டாம், ஆனால் உறவு நீடிக்கட்டும் என்று தனியாக எழுதிக் கேட்டிருந்தார்.

போன வியாழக்கிழமை மாலை. மகள் வேலையிலிருந்து வந்து மேசையின் கால் பங்கில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க “கீழ்வரி தெரியுதா, இப்போ தெரியுதா” என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். முக்கால் பங்கில் மாப்பிள்ளை. அவர் போன் ‘டிங்’ என்றது.

“ஓ, ஒருத்தர் உறவை முறிச்சுக்கிட்டாங்க” என்று விளையாட்டுப்போல் சொன்னார். “யாருன்னு பார்ப்போம்.”

பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார்.

“ஏம்மா?”

“மெயில் வேண்டாம்னா அதைத்தானே அழுத்தணும்?” அவள் ஆரஞ்சிலிருந்து நாரை இழுத்தாள்.

“அதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?”

“நீங்க எழுதினதுதானே. பார்த்துட்டுத்தான் அழுத்தினேன்.”

அடுப்பை அணைத்துவிட்டு நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தேன்.

“செவ்வாய்க்கிழமை காலையில என்ன சொன்னீங்க?” என்றாள். “‘உன்னை மாதிரி ஒருத்தி கோடியில ஒருத்தி’ன்னு. எனக்கு அன்னிக்கு முழுக்க வேலை செய்யறதே சுகமா இருந்துது. சாயங்காலம் போனைத் தொறந்தா, ‘உங்களைப் போன்ற வாசகர் கோடியில் ஒருவர்.’ நாலாயிரம் பேருக்கு! எனக்குச் சொன்னது நெசமா, இல்ல எடுபடுதான்னு என்கிட்ட சொல்லிப் பார்த்தீங்களா?”

ஒரு பொய் சொல்லித் தப்பிக்க உலகத்திலேயே தகுதியான ஆள் அவர். தப்பிக்கவில்லை.

“சொல்லித்தான் பார்த்தேன்” என்றார். “ஆனா நெசமும்தான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இதைவிட மோசமான பதிலை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் என்னால் கற்பனை செய்ய முடியாது.

மகள் அழவில்லை. சுளைகளைத் தட்டில் வரிசையாக வைத்தாள். “உங்க பழைய மேனேஜர்கிட்ட நானே பேசினேன், திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவார். அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம், அன்னிக்குள்ள பதில் வேணுமாம். அதுக்குள்ள நான் நம்பற மாதிரி ஒரே ஒரு கடிதம் எழுதிக் காட்டுங்க. வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி. இல்லேன்னா அந்த நாற்காலியில போய் உக்காருங்க. நீங்க வாயைத் தொறந்தா நெசம் எது, விக்கற சரக்கு எதுன்னு தெரியாம என்னால குடும்பம் நடத்த முடியாது.”

“வேணும்னா புதன்கிழமை வரைக்கும்—”

“நீட்டிப்பு கிடையாது.”

மூன்று நாள் எழுதினார். திங்களன்று போக வேண்டிய கடிதம் மெத்தைக்காரருடையது, ஆகவே அதையே எடுத்துக்கொண்டார். எழுதியதை எல்லாம் என்னிடம் வந்து படித்தார்.

“‘மனம் திறந்து சொல்கிறேன்’னு ஆரம்பிக்கட்டுமா அத்தை?”

“தொறக்கறவன் தொறந்துட்டுப் போவான். அறிவிப்பு எதுக்கு?”

“அப்போ, ‘உண்மையைச் சொன்னால் அதிர்ந்து போவீர்கள்’?”

“மாப்பிள்ளை, நான் அதிர்ந்தாச்சு. நீங்க போய் உக்காருங்க.”

கடிதத்திலிருந்து அந்தக் கடிகாரத்தை எடுத்தார். ஆச்சரியக்குறிகளை ஒவ்வொன்றாக, பல் பிடுங்குகிற முகத்தோடு பிடுங்கினார். ஞாயிறு மதியம் பார்த்தால், ஆபீஸ் சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். “போனாலும் போக வேண்டி வரும் அத்தை” என்றார். அதில் தந்திரம் ஒன்றும் தெரியவில்லை. அவர் போனால் மேசை முழுசும் எனக்குத் திரும்பி வரும். இருந்தும் காலர் சுருக்கத்தை எடுக்க அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி நானே போட்டுக் கொடுத்தேன். எரிச்சல்தான், வேறென்ன.

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம். மகள் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதாக இருந்தாள். தோளில் பையோடு வந்து மேசையருகில் நின்றாள். அவர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். இஸ்திரி போட்ட சட்டையில், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ஓரமாக நின்றார்.

அவள் முதல் வரியைத் தாண்டவில்லை.

“இந்த மெத்தை எங்க இருக்கு?”

“எது?”

விரலால் தொட்டுக் காட்டிச் சத்தமாகப் படித்தாள். “‘இரண்டு வருடங்களாக நானும் என் மனைவியும் இந்த மெத்தையில்தான் உறங்குகிறோம்.’ எங்க இருக்குன்னு கேக்கறேன்.”

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அவர் திரும்பிப் படுக்கையறையைப் பார்த்தார்! அங்கே கிடப்பது கல்யாணமான புதிதில் வாங்கியது. நடுவில் பள்ளம் விழுந்து, பள்ளத்தில் பழைய கம்பளியை மடித்துச் சொருகி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் உண்மை எழுதுகிறேன் என்று ஆச்சரியக்குறி பிடுங்கிய மனிதர், இந்த வரி பொய் என்று கவனிக்கவே இல்லை.

“அது... எல்லாரும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பாங்க” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மேசையில் அவர் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் ‘மேனேஜர் சார்’ என்று விழுந்தது. மகள் பையின் வாரை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை போனைத் தொடவில்லை. குனிந்து, அழிக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தார். அவள் காட்டியது ஒரு வரியைத்தான். விரலை எடுக்கவே இல்லை. வரி போயிற்று, பத்தி போயிற்று, மூன்று நாள் உழைப்பும் எழுத்து எழுத்தாகப் பின்வாங்கிப் போய்ப் பக்கம் வெள்ளையாயிற்று. அதன் பிறகு நின்றபடியே, ஒற்றை விரலால், புதிதாகத் தட்டெழுத்து பழகுகிறவர்போல அடித்தார்.

‘இந்த மெத்தையில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. இதுவரை உங்களுக்கு எழுதிய எந்தப் பொருளையும் வாங்கிப் பார்த்து எழுதியதில்லை. இனி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.’

கீழே லிங்க் இல்லை. அவளைக் கேட்கவில்லை. என்னிடம் ‘தொறப்பீங்களா’ என்றுகூடக் கேட்கவில்லை. நாலாயிரம் பேருக்கும் சேர்த்து ‘அனுப்பு’ என்பதை அழுத்தினார்.

போன் ஒருமுறை நின்று, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து, பெயரை ஒருமுறை பார்த்தார். பிறகு அழைப்பை ஏற்காமலே இரண்டு கையாலும் பிடித்து, திரை கீழே இருக்கும்படி, சத்தமில்லாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.