மதியத் தூக்கமும் மின்கட்டணமும்

“சூரியனே இறங்கி வந்து கதவைத் தட்டினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னை எழுப்ப முடியாது.”

மாவு மில்காரர் இப்படி முழங்கியது தன் கல்யாண விருந்தில். புது மாப்பிள்ளையின் வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தூக்கத்தோடும் சேர்த்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மனிதர் சொன்ன சொல் தவறாதவர். இரண்டு மகள்கள் பிறந்ததும் மதியத்தில்; இரண்டு பேரின் முகத்தையும் அவர் பார்த்தது சாயங்காலத்தில். மில்லும் அவருடைய தூக்கத்துக்குக் கட்டுப்பட்டு, பொழுது சாயும்போதுதான் உறுமத் தொடங்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் கோதுமை டின்னோடு வரிசையில் நிற்பார்கள். நேரத்துக்கு ஒரு கரண்ட் ரேட் என்று சட்டம் வரும்வரை உலகம் இப்படி ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பில் வந்த அன்று, மின்சார ஆபீஸில் வேலை பார்க்கும் மச்சினனைக் கூப்பிட்டு விசாரணைக் கமிஷன் வைத்தார்.

“ஏன் மாப்ளே, ஊரைச் சுத்திக் காத்தாலை நட்டீங்க. கூரைக்குக் கூரை சோலார் விரிச்சீங்க. காத்தும் வெயிலும் என்ன காசு கேட்டுச்சா? அப்புறம் ரேட்டு ஏன் ஏறுது?”

“ஏறவும் செய்யுது, இறங்கவும் செய்யுது மாமா. மத்தியானம் வெயில் கரண்ட் கொட்டிக் கிடக்கு, எடுத்துக்க ஆளில்ல. அதான் மலிவு. பொழுது சாஞ்சா வெயில் போயிடும், வீட்டுக்கு வீடு லைட்டு எரியும். காத்தும் வீசலைன்னா கரியைத்தான் எரிக்கணும். அதான் கிராக்கி.”

“சுத்தி வளைக்காத. வெயில் கரண்டால விலை குறையுமா, கூடுமா?”

“அது நீங்க எப்பத் தூங்கறீங்கங்கறதைப் பொறுத்தது மாமா.”

அன்றோடு மச்சினனுடன் பேச்சுவார்த்தை முறிந்தது. மில்காரர் அரைக்கும் கூலியை ஏற்றினார். வரிசை அப்படியே அடுத்த தெரு மில்லுக்கு நகர்ந்தது. உட்கார்ந்து ஈ ஓட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாவு சிந்தினால்தானே ஈ வரும்.

“என்னங்க,” என்றாள் மனைவி, “மில்லை வித்துட்டுத் தூங்கப் போறீங்களா, வச்சுக்கிட்டு முழிக்கப் போறீங்களா?”

“ரெண்டும் வேண்டாம். காலையில வேலைக்குப் போறவங்க டின்னை வச்சுட்டுப் போகட்டும். மத்தியானம் நீ ஓட்டு. திரும்பறப்ப எடுத்துக்கட்டும். பழைய கூலிதான். என் தூக்கத்துக்கும் பங்கமில்ல.”

“என் தூக்கத்துக்கு?”

“உனக்குத்தான் மத்தியானம் தூங்கற பழக்கமே கிடையாதே.”

“பழக விட்டாத்தானே.”

திட்டம் பலித்தது. டின்கள் திரும்பி வந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி, முக்காலியில் ஏறி, மில்லின் வாயில் கொட்டினாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை விட்டார். மில் சத்தம் அவருக்குத் தாலாட்டு. இரண்டில் எது மில், எது மில்காரர் என்பதில் அக்கம்பக்கத்தாருக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

ஒரு மதியம் அந்தத் தாலாட்டு சுருதி மாறியது. உள்ளே தானியம் தீர்ந்து, கல்லோடு கல் உரசுகிற கிறீச்சொலி. கண் திறப்பதற்குள் மில்காரரின் கை சுவிட்சில் இருந்தது.

மனைவி தரையில், அடுத்த டின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இமை வரைக்கும் மாவு. இடுப்பை ஒரு கை பிடித்தபடியே இருந்தது. வாசல் வழியாக வந்த வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

அவர் கதவைப் பாதி சாத்தினார். அவள் தலைக்கடியில் மடித்த சாக்கை வைத்து, டின்னை மெல்ல உருவினார். முக்காலியில் ஏறிக் கொட்டி மில்லை ஓடவிட்டார். அவள் அசையவில்லை.

அந்த வழியாக வந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். “என்ன மாமா, இந்நேரத்துக்கு...”

“சத்தம் போடாத,” என்றார் மில்காரர், மில்லின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி. “உங்கக்கா தூங்கறா.”

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போலப் பாயை விரித்தார். தலையணையைத் தட்டிப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டு, மில்லுக்குப் போனார்.