அண்ணன் மீசை

சலூன்காரருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். நாற்காலியில் ஆள் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதும் பேச ஆரம்பித்தால், பவுடர் தட்டி அனுப்பும்வரை வாய் ஓயாது. அந்த மனுஷர், வெல்டிங் பட்டறை மூத்தவன் நெஞ்சுவலியில் போன நாளிலிருந்து கம்மென்று ஆகிவிட்டார்.

மூத்தவனும் இளையவனும் இரட்டையர். கால் மணி நேரம் முந்திப் பிறந்ததற்காக மூத்தவனுக்கு ஆயுசு முழுக்க "அண்ணே" பட்டம். இருவரும் ஒரே அச்சு. ஆள் அடையாளம் தெரிவதற்காக மூத்தவன் மீசை வைத்துக்கொண்டான். இளையவன் மழமழவென்று வழித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே ரேடியோ இரண்டு பேருக்கும் கூட்டாளி. மீசையை ஒதுக்கிவிட்டதும் அவர் கைதான், வழித்துவிட்டதும் அவர் கைதான்.

காரியமெல்லாம் முடிந்தும் இளையவன் சலூன் பக்கம் தலைகாட்டவில்லை. நாமே போய்ப் பார்க்கலாமென்றால் வெறுங்கையோடு போய் என்னத்தைச் சொல்வது? சலூன் விடுமுறையன்று மத்தியானம், பரிசுப் பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்தார் ரேடியோ.

"பொறந்த நாளா சார், கல்யாணமா?" என்றாள் கடைப்பெண்.

"ஒருத்தர் தவறிட்டாரும்மா. அவர் தம்பிக்குக் குடுக்கணும்."

பாவம், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போட்டோ சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "படத்தைப் போட்டு வெச்சுக்கலாம் சார்."

ரேடியோ அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அண்ணன் படத்தைப் போட்டால் தம்பி தன் மூஞ்சியையே அல்லவா தினம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? சட்டென்று கீழே வைத்தார். சுவர்க்கடிகாரம் காட்டினாள். பேச்சுக்குரல் இல்லாத வீட்டில் அந்த டிக் டிக் சத்தம் வேறா? கடைசியில் ஒரு பிளாஸ்க் எடுத்தார். சோறு இறங்காத ஆளுக்குச் சூடாக ஏதாவது இறங்கட்டும். அவள் பழக்கதோஷத்தில் பலூன் படம் போட்ட காகிதத்தைச் சுற்றி ரிப்பனும் கட்டிவிட்டாள். முனை திரும்பியதும் ரேடியோ அதைக் கிழித்துச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாயிருந்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது மூத்தவன்.

அதே நெற்றி, அதே கண், மூக்கடியில் அதே கருமை.

"நான்தான்டா. சின்னவன். அவன் போனதுலேர்ந்து வழிக்கலை. உள்ள வா."

உள்ளே அலமாரிக் கண்ணாடியின்மேல் போர்வை தொங்கியது. இளையவன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"பட்டறைக்குப் போனா விஷயம் தெரியாதவங்க வந்து, 'கேட் ரெடியாகும்னு நீங்கதானே சொன்னீங்க'ங்கறாங்க. நானும் 'நாளைக்கு வாங்க'ன்னுடறேன். அவன் சொல்ற மாதிரியே சொல்றேன்டா. அண்ணி என்னைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கறாங்க. நேத்து பாப்பா தூக்கக் கலக்கத்துல அப்பான்னு வந்து கட்டிக்கிச்சு. விலக்க எனக்கு மனசு வரலை. அதான் பயமாயிருக்கு."

"வழிச்சுக்க வேண்டியதுதானேடா?"

"கத்தியை எடுத்தேன். கண்ணாடிக்குள்ள அவன் நிக்கறான். இன்னொரு தடவை அனுப்பி வைக்கச் சொல்றியா?"

ரேடியோ பிளாஸ்கை ஓரமாக வைத்தார். சலூனுக்கு ஓடிப்போய்த் தொழில் பெட்டியோடு திரும்பினார்.

"கண்ணை மூடிக்க. நீ பாக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

"இல்லடா. முதல்ல அவன் மீசை மாதிரியே ஒதுக்கி விடு. ஒரு தடவை பாத்துக்கறேன். அப்புறம் எடுத்துடு."

ரேடியோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடிப் போர்வையை இழுத்துக் கீழே போட்டு, நாற்காலியைக் கண்ணாடிக்கு எதிரே திருப்பினார். கத்தரிக்கு வழி தெரியும்: இடப்பக்கம் ஒரு நூல் குட்டை, வலப்பக்கம் நுனி லேசாகக் கீழே இறங்கும். கத்தரிக்கக் கத்தரிக்க, அவருக்குப் பழகின அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. நிமிர்ந்தபோது கண்ணாடியில் இரண்டே பேர், அவரும் மூத்தவனும்.

மீசைக்குக் கீழே ஒரு பக்கமாக உதடு ஏறிச் சிரித்தது. இளையவன் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததேயில்லை.

"எப்படிடா இருக்கே?" ரேடியோவின் வாயில் தன்னையறியாமல் வந்துவிட்டது.

"நல்லாயிருக்கேன்டா."

யார் சொன்னது என்று ரேடியோவுக்கும் தெரியவில்லை, சொன்னவனுக்கும் தெரியவில்லை.

"போதும். எடு," என்றான் இளையவன்.

ரேடியோவின் கை எழவில்லை. சாவு வீட்டில் நாற்காலி போடவும் தண்ணீர் கொடுக்கவும் ஓடிக்கொண்டிருந்ததில் அழ மறந்திருந்தார். இப்போது மொத்தமாக உடைந்து, பெட்டிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆறுதல் வாங்க வேண்டியவன் அவர் தோளைப் பிடித்தான். "உனக்கும்தானேடா போச்சு. நான் அதை நினைக்கவேயில்ல." கத்தியை எடுத்து அவர் கையில் வைத்து, மணிக்கட்டைத் தானும் பிடித்துக்கொண்டான். இரண்டு கையுமாகத்தான் அந்த மீசை இறங்கியது.

வாசற்படியில் பாப்பா வந்து நின்றது. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது.

"சித்தப்பா, பசிக்குது."

அதன் பின்னால் வந்த அண்ணி, அத்தனை நாளைக்குப் பிறகு முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "சாப்பிட வாங்க தம்பி. உங்க கூட்டாளியையும் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் இளையவன் தானாகவே சலூனுக்கு வந்தான். இப்போது தவறாமல் வருகிறான். ஆனால் ரேடியோவிடம் புதிதாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளையவன் எழுந்து போனபிறகு அந்த நாற்காலியில் அடுத்த ஆளை உடனே உட்காரவிடுவதில்லை. "சித்த இருங்க," என்று துண்டை உதறிக்கொண்டு நிற்பார். காலியாகத்தானே இருக்கிறது என்று யாராவது கேட்டால், மூத்தவன் இன்னும் எழுந்திரிக்கலை என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவார்.