ஊற்றியதும் கழுவியதும்

மதினியின் முகத்தை நினைத்தால் அவள் கண்களைச் சுற்றிப் பதிந்திருக்கும் சிவந்த தடம்தான் முதலில் வரும். லேத் பட்டறையில் போடுவதைப் போல, முகத்தோடு அழுந்தி நிற்கும் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று அவளிடம் இருந்தது. எண்ணெய் வேலையில் இருக்கும்போது அதைக் கழற்றவே மாட்டாள். வேலை முடிந்து கழற்றிய பிறகும் தடம் மறைய வெகுநேரமாகும். அந்த முகத்தோடேயே அடுப்படிக்கு வந்து சோறு வடிப்பாள். “ஆந்தை வந்துட்டு” என்று அண்ணன் கேலி செய்வான். சாரல் விழுந்துகொண்டிருந்த அந்த ஆடி மாதப் பகலிலும் அவள் அதைப் போட்டிருந்தாள். எதிரே நின்றவன் போட்டிருக்கவில்லை. ஒரு மனிதனின் கண் போவதற்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் வீடு இலஞ்சியில். அண்ணன் குட்டியானை ஓட்டினான்; அந்தச் சிறிய சுமைவண்டிதான் வீட்டின் வருமானம். நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். அண்ணன் மனைவியான மதினி வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறாள். டீசல் விலையைச் சொல்லி அண்ணன் தினமும் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் குற்றாலத்துச் சிப்ஸ் கடையிலிருந்து ஒரு டின் பழைய எண்ணெயை வாங்கி வந்து வீட்டின் பின்னாலிருந்த தேங்காய்க் கொட்டகையில் வைத்தாள். நேந்திரங்காயும் பஜ்ஜியும் மாறி மாறிப் பொரிந்து தார் போலக் கறுத்துப்போன எண்ணெய். அதை வேட்டித் துணியில் வடிகட்டினாள். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியை உள்ளே விட்டுச் சூடாக்கி, அதிலிருந்த தண்ணீரை விரட்டினாள். மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றிக் கலக்கி, ஆற வைத்தாள். மறுநாள் பார்த்தால் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கிளிசரின் இறங்கியிருந்தது. மேலே தேன் நிறத்தில் ஒன்று தெளிந்து நின்றது. அதைத் தண்ணீர் விட்டு அலசி, மறுபடி சூடாக்கி எடுத்து, முதலில் கொஞ்சம் டீசலோடு கலந்துதான் வண்டியில் ஊற்றினோம். வண்டி ஓடியது. புகையில் வடை சுடும் வாசனை வந்தது. தெருவே சிரித்தது.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த ஆபத்தை மதினி ஒருத்திதான் முழுதாக அறிந்திருந்தாள். கொட்டகைக்குப் பக்கத்தில் யாரும் தீப்பெட்டி உரசக் கூடாது. மெத்தனால் வாடையை மூச்சில் இழுக்கக் கூடாது. காஸ்டிக் கரைசல் ஒரு சொட்டு மேலே பட்டாலும் சதையை அரித்துக்கொண்டு போகும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கொட்டகை வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் மெத்தனால் கேனைத் திறப்பாள். “பட்டா தண்ணிதான் மருந்து. வேற எதையும் தேடக் கூடாது. ஊத்திக்கிட்டே இருக்கணும், நிறுத்தப்படாது” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். மெத்தனால் வைத்திருக்க அரசாங்க அனுமதி வேண்டும். விண்ணப்பம் போட்டிருந்தாள், வரவில்லை. வரும்வரை பொறுத்திருக்க அவளால் முடியவில்லை. அது தவறுதான். அதை அவள் எங்கேயும் மறுத்ததில்லை.

குற்றாலத்தில் சீசன் நேரத்துப் பழைய எண்ணெயெல்லாம் ஒரே வியாபாரியின் கைக்குத்தான் போகும். அவருடைய ஆட்கள் டின்னில் அள்ளிக்கொண்டு போவார்கள். அது தெளியவைக்கப்பட்டு, புது எண்ணெயோடு கலந்து, ஊர் ஊராகச் சின்னச் சின்னக் கடைகளுக்குத் திரும்பிவரும். மதினி கடைகடையாகப் போய் எண்ணெய் கேட்க ஆரம்பித்ததும் அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“தாயி, சீசன் எண்ணெய் எங்க அப்பா காலத்துல இருந்து நம்ம கையில இருக்கு. நீ வேற சோலியப் பாரு.”

“அண்ணாச்சி, நீங்க அதத் திரும்பவும் சட்டிக்குத்தான அனுப்புதிய? பிள்ளைகள் திங்கிற வடையில போகுது. நான் வண்டிக்கு ஊத்துதேன்.”

“வண்டிக்கா? சரி. வண்டி ஓடுதான்னு பாப்போம்” என்று எழுந்து போனார். அந்த வாரமே குட்டியானையின் டயர்கள் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தன.

வியாபாரியிடம் டின் எடுக்கும் வேலை பார்த்தவன் ஒருவன் இருந்தான். முப்பது வயதிருக்கும். கடைக்காரர்கள் ‘டின்காரன்’ என்றே கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் எங்களோடு அவனுக்கு ஒரு பகையும் இல்லை. ஒருமுறை எங்கள் வண்டியின் புகைக்குழாய் அருகே மூக்கை நீட்டி, “அண்ணே, வண்டி வடை சுடுதுண்ணே, சட்னி எங்க?” என்று கேட்டு அண்ணனையே சிரிக்க வைத்தவன். டயர் கிழிந்த கோபத்தில் அண்ணன் நேரே குற்றாலம் போனான். அருவிக்குப் போகிற பாதையில் கூட்டத்துக்கு நடுவே டின் ஏற்றிக்கொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தான். “டயர நான் கிழிக்கலண்ணே” என்று அவன் சொல்லச் சொல்ல அடித்தான். குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தவர்கள் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கிழித்தது வேறு ஆள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கேள்விப்பட்டதும் மதினி கலக்கிக்கொண்டிருந்த துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள். “செருப்பாலயா அடிச்சிய? கைய ஒடிச்சிருந்தாக்கூட அவனுக்கு ஆறியிருக்கும்” என்றாள்.

வியாபாரியின் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மதிய வேளை. எனக்கு வார விடுமுறை. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளிக்கதவு பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்டு நாங்கள் எழுவதற்குள் நாலைந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள். சோற்றுக் கையோடு அண்ணனை முற்றத்துக்கு இழுத்தார்கள். ஒருவன் எண்ணெய் டிரம்களை உதைத்துச் சாய்த்தான். கறுப்பு எண்ணெய் முற்றமெங்கும் பரவியது. அடித்தவர்களும் வழுக்கினார்கள், அடிபட்டவனும் வழுக்கினான். ஓடிப்போய் ஒருவனின் தோளைப் பிடித்தேன். அவன் என் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். வாய் நிறைய ரத்தமும் அதற்குள் என் முன்பல்லின் துண்டும். அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தபோது அந்தக் கைமேல் இரும்புக் கம்பி இறங்கியது. காய்ந்த தென்னை மட்டையை ஒடிப்பது போல ஒரு சத்தம். எலும்பு அப்படி ஒலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கம்பியைப் பிடித்திருந்தவன் டின்காரன். எண்ணெயில் மல்லாந்து கிடந்த அண்ணனின் நெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “இப்ப எடுலே செருப்ப! எடுலே!” என்று கத்தினான். அவன் அழுதுகொண்டே கத்தினான். கம்பி தலைக்கு நேராக உயர்ந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து மதினி வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் அப்போதுதான் கரைத்த மெத்தனாலும் காஸ்டிக்கும் இருந்த ஜாடி. “ஏய்!” என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். திரும்பிய முகத்தில் ஊற்றினாள்.

அவன் போட்ட அலறலில் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவனைத் தூக்க ஒருவர்கூட நிற்கவில்லை. மதினி ஜாடியை எறிந்துவிட்டு அவன்மேல் பாய்ந்தாள். தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கினாள். எடுத்து, மறுபடி அமுக்கினாள். அவன் மூச்சுக்குத் திணறித் திமிறினான். அவள் வயிற்றில் மிதித்தான், கையைக் கடித்தான். அவனைத் தரையில் தள்ளி அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “ஏட்டி, பைப்ப எடு! கண்ணுல பிடி!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் ஓஸ் பைப்பைப் பிடிக்க, இரண்டு விரல்களால் அவன் இமைகளைப் பிளந்தாள். “திறலே கண்ண! மூடாத! மூடுனா போயிரும், திற!” என்று அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்து அறைந்து கண்ணைத் திறக்க வைத்தாள். ஒடிந்த கையோடு கிடந்த அண்ணன், “சாவட்டும் விடு அவன” என்றான். “நீங்க வாய மூடிட்டு இரிங்க” என்றாள் திரும்பாமலே. ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை நிறுத்த விடவில்லை. அவள் கைகள் இரண்டும் முழங்கை வரை வெந்து தோலுரிந்திருந்தன.

அந்தக் காட்சியை மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்தவர்களுக்கு, ஊற்றியது கொலை வெறியாகவும் கழுவியது அதைவிடப் பெரிய கொலை வெறியாகவும் தோன்றியிருக்க வேண்டும். “ஆசிட்ட ஊத்திட்டு, தண்ணியில முக்கிக் கொல்லப் பாத்தா சார்” என்று பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதுதான்.

தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து அவனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். ஒரு கண் போய்விட்டது. மற்றது பிழைத்ததற்கு உடனே கழுவியதுதான் காரணம் என்றார் டாக்டர். போலீஸ் காவலில் கட்டுப்போட்ட கைகளோடு மதினி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது அவனுடைய அம்மா வந்தார். யாரும் தடுப்பதற்குள் மதினியை அறைந்தார். மறுபடியும் அறைந்தார். “என் மவன் கண்ண எடுத்துட்டியேட்டி. ஒத்தக் கண்ண விட்டுவச்சதுக்கு உன்னக் கும்பிடணுமோ?” என்று கேட்டார். மதினி தலையை நகர்த்தவே இல்லை. பெண் போலீஸ்தான் அந்த அம்மாவைப் பிடித்து அழைத்துப்போனார்.

ஆசிட் வீச்சு என்றுதான் வழக்குப் பதிவானது. நிரூபணமானால் இளமை முழுவதும் சிறையில் போய்விடும் என்றார் எங்கள் வக்கீல். அனுமதியில்லாத மெத்தனால் வேறு. அந்தப் பெயரைக் கேட்டாலே அதிகாரிகளுக்கு விஷச்சாராயம்தான் நினைவுக்கு வந்தது. சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவளிடம் வக்கீல் பொறுமையாகச் சொன்னார்.

“தள்ளுமுள்ளுல கைதவறிச் சிந்திருச்சுன்னு சொல்லுங்கம்மா. அது போதும்.”

“சிந்தல சார். ஊத்துனேன்.”

அன்று வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். “ஒரே ஒரு வார்த்த! அதச் சொல்ல முடியாதா உனக்கு? யாருக்காக ஊத்துன?” என்று கத்தினான்.

“உங்களுக்காகத்தான் ஊத்துனேன். இல்லங்கலயே. ஆனா அவன் கோர்ட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பான். அவன் மூஞ்சிக்கு முன்னால கைதவறிட்டுன்னு எப்பிடிச் சொல்லுவேன்?” என்றாள். சிந்திய சோற்றைப் பெருக்கி அள்ளினாள். அதன்பின் இருவரும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

கோர்ட்டில் டின்காரன் சாட்சிக் கூண்டில் ஏறினான். இடது கண் மூடித் தைத்தது போலிருந்தது. கன்னத்தில் தோல் இழுத்துப் பளபளத்தது. வியாபாரியின் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றியது யார் என்று கேட்டார் அரசு வக்கீல்.

“அவியதான் ஊத்துனாவ.”

“பிறகு தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்த்தார், அப்படித்தானே?”

“இல்லய்யா. கழுவுனாவ.” கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். “நான் மிதிச்சேன், கடிச்சேன். அவிய விடல. என்கூட வந்தவன் எல்லாம் ஓடிட்டான்.”

எங்கள் வக்கீல் எழுந்து, அப்போது உன் கையில் என்ன இருந்தது என்று கேட்டார். அவன் பேசுவது அவனையே பாதிக்கும் என்று நீதிபதி எச்சரித்தார். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“கம்பி, ஐயா. தலையில போடத்தான் ஓங்கினேன். அவிய ஊத்தலன்னா போட்டிருப்பேன்.”

மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வழக்கு முடிந்தபோது, கணவனின் உயிரைக் காக்கச் செய்தது என்று அவளை விடுவித்தார்கள். மெத்தனாலுக்கு மட்டும் அபராதம். எங்களை அடித்த வழக்கில் டின்காரனும் இன்னும் இருவரும் சிறைக்குப் போனார்கள். வியாபாரியின் பெயர் எந்த வழக்கிலும் வரவில்லை. இன்றும் அவர் வண்டிகள் குற்றாலத்தில் டின் ஏற்றுகின்றன.

அண்ணனின் கை முழுதாக மடங்குவதில்லை; இருந்தும் வண்டி ஓட்டுகிறான். என் பல்லுக்குப் பதில் கட்டிய பல் இருக்கிறது. மதினி அனுமதி வாங்கி, வீட்டைவிட்டு விலகி ஒரு தோப்பில் கூரை போட்டு மறுபடி பயோடீசல் காய்ச்சுகிறாள். எதற்கு என்று ஊரே கேட்டது. “எண்ணெய் என்ன தப்பு செஞ்சிச்சு?” என்றாள். அண்ணன் அந்தக் கூரைக்குள் கால் வைத்ததில்லை.

போன சீசனில் அவளோடு நானும் எண்ணெய் எடுக்கக் குற்றாலம் போயிருந்தேன். சிறையிலிருந்து வந்தபின் வியாபாரி வேலை கொடுக்காததால், டின்காரன் ஒரு கடையில் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு கடையில் மட்டும் மதினி எண்ணெய் கேட்பதில்லை. அன்று அவன் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்க இறங்கினான். சுற்றுலா வேன் ஒன்று அவனுடைய இடது பக்கமாக வந்துகொண்டிருந்தது. மதினி என் பக்கத்திலிருந்து பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். தார் விழுந்து காய்கள் சிதறின. பிடித்தது யாரென்று பார்த்ததும் அவன் உடம்பு முழுதும் உதறியது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“தொடாதிய! தொடாதிய!” என்று கத்தினான். கூட்டம் நின்று பார்த்தது.

மதினி கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அவன் மெல்லக் கைகளை இறக்கினான். மூச்சு வாங்கியது. கீழே பார்த்துக்கொண்டே, “வண்டி வருதுன்னு வாயால சொல்லுங்க, போதும்” என்றான்.

காய்களை அவனே பொறுக்கினான். நாங்கள் குனியவில்லை. தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடி சாலையோரத்தில் வந்து நின்றான். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. மதினி அவன் இடது பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள்.

“வருது” என்றாள். அவன் நின்றான். “இன்னொண்ணு வருது.” நின்றான். “இப்ப போ.”

அவன் போனான்.