மாலையில் மட்டும் கத்திய கேமரா

தணிகை மலையானை நம்பியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் தணிகாசலம். வயது நாற்பத்தேழு. திருத்தணி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்ட என்னை, போன வருடம் தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து, தீப்பெட்டி அளவு கேமரா ஒன்று தூங்குமூஞ்சி என்று சொல்ல ஆரம்பித்தது.

அப்போது நான் அரக்கோணத்தைத் தாண்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். பொதட்டூர்பேட்டையிலும் திருத்தணியிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் போய் விடவேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வரவேண்டும். நாற்பது பேர். எல்லோரும் எனக்குத் தங்கைகள் மாதிரி.

பஸ்ஸுக்குள் இரண்டு கேமரா மாட்டியிருந்தார்கள். ஒன்று சாலையைப் பார்க்கும். முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் நீளமாக ஒலிக்கும். இன்னொன்று டிரைவர் முகத்தைப் பார்க்கும். கண் மூடினால் கீச்சு கீச்சென்று மூன்று முறை கத்தும். பிறகு ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்லும். கத்துவதோடு நிற்காமல் ஆபீசுக்கும் தகவல் அனுப்பிவிடும்.

நான் தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை. ஆனாலும் அது கத்தியது. முதலில் பெண்கள் சிரித்தார்கள். நாலைந்து நாள் போனதும் சிரிப்பு நின்றது. பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து என் முகத்தை எட்டிப் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ்களைக் கவனிக்கும் மேலாளர் மோகன் சார் கூப்பிட்டார். "இன்னா தணிகாசலம், ராத்திரியில தூங்கறதில்லையா? வேற எதனா பழக்கம் வந்துச்சா?" என்று கேட்டார். குடித்திருக்கிறேனா என்று பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. என்றாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரு கீச்சுச் சத்தத்தில் போகிறதே என்று இருந்தது.

மற்ற டிரைவர்களையும் அது விடவில்லை என்பது உண்மை. பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால் கத்தும். கொட்டாவி விட்டால் கத்தும். அதனால் அது வேலைக்காகாத பொருள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். எதற்காகக் கத்துகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. எப்படி அடக்குவது என்றுதான் யோசித்தோம்.

கார்த்திகை மாதத்துக் கிருத்திகையன்று மலைக்குப் போனேன். படியேறி, வரிசையில் நின்று, சந்நிதியில் நான் வேண்டியது இதுதான்: "முருகா, அந்தக் கேமரா வாயடைத்துப் போகணும். போச்சுன்னா உனக்கு மொட்டை போடறேன்." சாமியின் கோபமே தணிந்த மலையில் நின்றுகொண்டு நான் கோபத்தோடு வேண்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் என் மனைவி கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதோட வாய அடைக்கச் சொல்லி வேண்டிக்கினு வந்தீங்களா? ஏன் கத்துதுன்னு கேக்கலியா?"

"மிஷினு கத்தறதுக்கு சாமிய போய் காரணம் கேப்பாங்களா?" என்றேன்.

"நான் கேட்டுக்கறேன், போங்க," என்று விட்டுவிட்டாள். அன்று முதல் அவள் விளக்கேற்றும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்கழி பிறந்தது. கூட வேலை செய்யும் டிரைவர் தாமு ஒரு யோசனை சொன்னான். "அண்ணி வெக்கிற ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எட்த்தாந்து அது கண்ணு மேல ஒட்டிடுண்ணா. அப்பால இன்னாத்த பாக்கும்?" ஒட்டினேன். சத்தம் நின்றது. வேண்டுதல் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் மோகன் சார், "கேமரா மறைஞ்சிருக்குன்னு வருதே," என்று கேட்டார். தூசி படிந்திருக்கும் என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது நாள் சாயங்காலம், அரக்கோணத்திலிருந்து திருத்தணி வரும் சாலை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு டிரெய்லரும் தெரிந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விலகி, மறுபடி ஒட்டின. இரண்டுக்கும் நடுவே வழி இருப்பதுபோல் இருந்தது. அந்த வழியில் போகலாம் என்று என் கை ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தது.

சாலையைப் பார்க்கும் கேமரா நீளமாக ஒலித்தது. அதன் மேல் நான் பொட்டு ஒட்டவில்லை. தினமும் கேட்டுச் சலித்த சத்தம்தான். ஆனால் அன்றைக்கு என் வாயில் "முருகா" என்று வந்தது, கால் பிரேக்கில் போய் அழுந்தியது. யோசித்துச் செய்யவில்லை. பஸ் குலுங்கி நின்றது. கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் கரும்புத் தோகை ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு டிரெய்லர்தான் இருந்தது. பஞ்சராகி நின்றிருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை.

யாருக்கும் அடி இல்லை. முன்சீட்டில் உட்காரும் பொதட்டூர்பேட்டைப் பெண் தேவகி எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடது கண்ணு பாதி மூடிகினு கீது. ரொம்ப நாளா சாயங்காலத்துல இப்பிடித்தான் கீது. நீங்க அசதியில கீறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

கண்ணாடியில் பார்த்தேன். இமை தொங்கியிருந்தது. தூக்குகிறேன், தூக்க முடியவில்லை. அந்தப் பாழும் கேமரா இத்தனை நாளும் பொய் சொல்லவில்லை. கண் மூடியிருந்தது. நான்தான் அறியவில்லை.

பொட்டை நானே பிய்த்தேன். மோகன் சாருக்குப் போன் போட்டு, ஒட்டியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்காவது அடிபட்டதா என்று அவர் முதலில் கேட்டார். பிறகு, "வண்டிய ஓரமா நிறுத்து. தாமுவ அனுப்பறேன். நீ இனி ஸ்டியரிங்கத் தொடாத," என்றார். தாமு வந்து ஓட்ட, நான் பெண்களோடு பெண்களாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். வேலை போனது, கண்ணும் போனது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து கஸ்தூரியோடு காலை ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். கேமரா அனுப்பிய எச்சரிக்கைகளை எல்லாம் மோகன் சார் தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா அதை வரி வரியாகப் பார்த்தார்.

"காலையில ஓட்டும்போது ஒண்ணுகூட இல்லையே. எல்லாம் சாயங்காலம்தான்," என்றார். பிறகு கையுறையில் ஐஸ் போட்டு என் இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. கஸ்தூரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து சொன்னார்கள். மயஸ்தீனியா என்று பெயர். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். பொழுது ஏற ஏறத் தசை சோர்ந்துபோகும். இமை தொங்கியதும், ஒரு டிரெய்லர் இரண்டாகத் தெரிந்ததும் அதனால்தானாம். கவனிக்காமல் விட்டால் விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடக் கஷ்டமாகிவிடலாம். "கண்ணோட நிக்கும்போதே வந்துட்டீங்க," என்றார் டாக்டரம்மா. மாத்திரை தொடங்கினார்கள். இன்றும் வேளை தவறாமல் சாப்பிடுகிறேன்.

தைக் கிருத்திகைக்கு மொட்டை போட்டேன். "நீங்க வேண்டினது நடக்கலியே, எதுக்கு மொட்ட?" என்று கஸ்தூரி சிரித்தாள். "நீ வேண்டினது நடந்துச்சே," என்றேன். நான் கேட்டதை முருகன் கொடுத்திருந்தால் நாற்பது குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பஸ் ஓட்ட எனக்கு இன்னும் அனுமதி இல்லை. கிடைக்காமலும் போகலாம். அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மோகன் சார் என்னை ஆபீசிலேயே உட்கார வைத்திருக்கிறார். கேமராக்கள் அனுப்பும் தகவலைப் பார்ப்பதுதான் வேலை. முன்பு எச்சரிக்கை வந்தால் டிரைவரைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. போன மாதம் ஒரு டிரைவர், "இது சும்மா கத்துதுண்ணே, பிடுங்கிப் போடவா?" என்று கொதித்துப்போய் வந்தார். "எந்த நேரத்துல கத்துது? சாப்ட்டியா? நல்லா தூங்கினியா? ஒக்காரு, பேசலாம்," என்றேன். சில சமயம் கேமராவின் தப்புதான். சரிசெய்யச் சொல்கிறோம். சில சமயம் இல்லை.

அன்பர்களே, உங்களுக்கும் ஏதாவது ஒன்று ஓயாமல் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லி வேண்டுங்கள், தப்பில்லை. அது எதற்கு வந்தது என்றும் கூடவே ஒரு வார்த்தை கேளுங்கள். முருகன் காட்டுவான். எனக்குக் காட்டினான். டாக்டரிடமும் போங்கள், என்னை அங்கே அனுப்பியவனும் அவன்தான்.

கிருத்திகைதோறும் காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்தில் முதல் படிக்குப் பக்கத்தில் நிற்பேன். மனபாரத்தோடு தனியாக வருகிறவர்கள் யாராக இருந்தாலும் என்னோடு சேர்ந்து ஏறலாம். நடுநடுவே நான் உட்காருவேன். மெதுவாகத்தான் போய்ச் சேருவோம்.